நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார்!

"நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு சார். அப்கிரேடு பண்ணாங்க, போச்சு!"

பொட்டி தட்டும் மக்கள் வாயிலும், பொட்டியைத் தொடாத மக்கள் வாயிலும் ஒரே மாதிரி வருகிற வாக்கியம் இது. சொன்னவுடன் சுற்றியிருப்பவர்கள் தலையாட்டுவார்கள். யாராவது ஒருத்தன் மாட்டுவான், பெரும்பாலும் அப்கிரேடு செய்த பையன். அவனை நாலு வார்த்தை சொல்லிவிட்டு, டீ குடித்துவிட்டு எல்லோரும் கலைந்துவிடுவார்கள். என்ன நடந்தது என்று கடைசிவரை யாரும் பார்க்கமாட்டார்கள்.

இந்த வாக்கியம் விளக்கமே கிடையாது, வெறும் சப்பைக்கட்டு. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப்போகிறேன். நான் பி.காம். படித்தவன், வங்கியில் அதிகாரி. நிரலெழுதுவது என் தொழில் இல்லை. ஆனால் கட்டளை வரியில் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டி, அது ஏன் சொன்னதைக் கேட்கவில்லை என்று கண்டுபிடிக்க பி.இ. பட்டம் தேவையில்லை. வவுச்சர் பார்க்கத் தெரிந்தால் போதும். கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். வெளியூரில் தமிழ் அமைப்பு, கோயில் கமிட்டி, குடியிருப்போர் சங்கம் என்று எதற்காவது சந்தா கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இதில் சம்பந்தம் உண்டு.

மேட்டருக்கு வருகிறேன். புனேயில் நாங்கள் இருக்கும் பகுதியில் ஒரு தமிழ் அமைப்பு. பொங்கல் விழா, சனிக்கிழமை தமிழ் வகுப்பு, யார் வீட்டிலாவது துக்கம் என்றால் ஊருக்குக் கொண்டுபோக வண்டி ஏற்பாடு, இவ்வளவுதான் அதன் வேலை. ஆண்டுச் சந்தா 500 ரூபாய். ஏப்ரல், மே இரண்டு மாதம் வசூல். ஜூன் முதல் வாரம், கட்டாதவர்களுக்கு மட்டும் நினைவூட்டல் கடிதம். இந்தக் கடிதங்களைத் தயாரிக்க 2008 வாக்கில் ஒரு நல்ல மனிதர் பிஎச்பியில் ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்துவிட்டு அமெரிக்கா போய்விட்டார். உறுப்பினர் பட்டியல் கமா போட்டுப் பிரித்த ஒரு கோப்பில் இருக்கும். அதில் ஒவ்வொருவரும் கடைசியாகச் சந்தா கட்டிய ஆண்டும் இருக்கும். செயலாளர் தன் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து, கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டுவார். பிஎச்பி, ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு க்யூ, ஸ்கிரிப்டின் பெயர், கடைசியில் ஆண்டு=2023 என்பதுபோல ஒரு துண்டு. அந்தக் கடைசித் துண்டுதான் ஆர்க்யுமென்ட். எந்த ஆண்டுச் சந்தாவைக் கேட்கிறோம் என்று ஸ்கிரிப்டுக்குச் சொல்வது அதுதான். பதினைந்து வருஷம் இப்படி ஓடியது.

2024 மே மாதம் சர்வர் மாறியது. பழைய சர்வரில் இருந்தது பிஎச்பி 5.3. புதியதில் 8.2. மாற்றிக் கொடுத்தது தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இரண்டு வருஷம் ஆன ஒரு பையன். ஒரு பைசா வாங்கவில்லை, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து செய்தான். ஜூனில் செயலாளர் வழக்கம்போல நோட்டைப் பார்த்து வரியைத் தட்டினார். திரையில் எந்தப் பிழையும் வரவில்லை. கடிதங்கள் போயின, எல்லோருக்கும். கட்டியவர், கட்டாதவர் வித்தியாசமில்லாமல் எல்லா வீட்டுக்கும் "தங்கள் சந்தா நிலுவையில் உள்ளது, உறுப்பினர் உரிமை நிறுத்தப்படும்" என்று போனது.

கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இறந்தவரின் மனைவி ஒருவர் இருக்கிறார். எழுபதைத் தாண்டிய அம்மா. வருஷா வருஷம் ஏப்ரல் முதல் வாரமே நேரில் வந்து கட்டுகிறவர். மின்னஞ்சல் இல்லாததால் அவருக்குத் தபாலில் போனது. அடுத்த சனிக்கிழமை, பிளாஸ்டிக் உறையில் ரசீதை வைத்துக்கொண்டு தமிழ் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "நான் கட்டலைன்னு நெனச்சிட்டீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

கமிட்டி கூடியது. "நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சு" என்று செயலாளர் ஆரம்பித்தார். பையன் வாய் திறப்பதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவன் பொங்கலுக்கும் வரவில்லை.

இப்போது வவுச்சர் பார்ப்போம்.

அமைப்பின் உள்தணிக்கை என்னிடம் இருப்பதால் அந்த வாரமே உட்கார்ந்து பார்த்தேன். முதல் கேள்வி: ஓடியது யார்? கட்டளை வரியில் பிஎச்பி என்ற பெயருக்குப் பின்னால் இரண்டு வேறு ஆசாமிகள் இருக்க முடியும். ஒருவர் சிஜிஐ, வலைப்பக்கம் தயாரிப்பதற்காக இருப்பவர். இன்னொருவர் சிஎல்ஐ, கட்டளை வரிக்கென்றே வந்தவர். பதிப்பு எண் கேட்கும் கட்டளையைத் தட்டினால், அடைப்புக்குறிக்குள் எவர் என்று அவரே சொல்லிவிடுவார். பழைய சர்வரின் காப்புப் பிரதியைப் பார்த்தால் அங்கே இருந்தவர் சிஜிஐ. புதிய சர்வரில் சிஎல்ஐ. நோட்டுப் புத்தகத்தில் இருந்த அந்தக் க்யூ அப்போதே ஜாடை காட்டியிருக்க வேண்டும். சிஜிஐ ஆள் வலைப்பக்கத்துக்கான தலைப்பு வரிகளையும் சேர்த்துத் துப்புவார், அதை நிறுத்தத்தான் அந்தக் க்யூ. சிஎல்ஐக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் பழைய பழக்கத்தை மதித்து அதை ஏற்றுக்கொள்கிறார். அதனால்தான் வரி தடங்கலில்லாமல் ஓடியது.

இரண்டாவது கேள்வி: ஆர்க்யுமென்ட் எங்கே போனது? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சிஜிஐ ஆளிடம் கட்டளை வரியில் ஆண்டு=2023 என்று கொடுத்தால், அதை இணைய முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் துண்டுபோலப் பாவித்து, 'கெட்' என்ற பட்டியலில் போட்டுவிடுவார். அந்தப் பழைய சர்வரில் ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்ற ஸ்விட்சும் ஆன். அதனால் அந்தத் துண்டு தானாகவே 'ஆண்டு' என்ற பெயரில் ஒரு மாறியாக, அதாவது வேரியபிளாக, ஸ்கிரிப்டுக்குள் முளைத்துவிடும். எழுதியவர் எங்கேயும் அதை வாங்கவில்லை. இருக்கும் என்று நம்பி நேராகப் பயன்படுத்தினார், அவ்வளவே.

சிஎல்ஐ அப்படிச் செய்வதில்லை. கட்டளை வரியில் வந்ததை ஆர்க்வி என்ற பட்டியலில் வரிசையாக வைக்கும். பூஜ்யமாவது இடத்தில் ஸ்கிரிப்டின் பெயர், ஒன்றாவது இடத்தில் நாம் கொடுத்த துண்டு. எத்தனை வந்தது என்ற எண்ணிக்கை ஆர்க்சி என்ற மாறியில் இருக்கும். ஆர்க்வியை அச்சிடும் ஒரு வரி ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டிப் பார்த்தேன். ஆண்டு=2024 என்று முழுசாக, அழகாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறது! அனுப்பியது வந்து சேர்ந்துவிட்டது, வாங்கி உள்ளே வைக்கத்தான் ஆளில்லை.

மூன்றாவது கேள்வி: இல்லாத மாறியைப் பயன்படுத்தினால் பிஎச்பி கத்தாதா? கத்தும். பழைய பதிப்புகளில் 'நோட்டீஸ்' என்று முணுமுணுக்கும். 2020 நவம்பரில் வந்த 8.0 முதல் 'வார்னிங்' என்று குரலை உயர்த்தியே சொல்கிறது. ஆனால் நம் ஸ்கிரிப்டின் முதல் வரியே, எந்தப் பிழையையும் சொல்லாதே என்ற கட்டளை. பிழை அறிவிப்பு பூஜ்யம்! காவலாளி வாயில் துணியை அடைத்துவிட்டுத் திருடன் வந்தபோது ஏன் கத்தவில்லை என்று கேட்கிறோம்.

ஆக, மாறி காலி. கடைசியாகக் கட்டிய ஆண்டு 2024. காலியும் 2024ம் சமமா? இல்லை. அப்படியானால் நிலுவை. இப்படியே பட்டியல் முழுக்க. கடிதத்தை எடுத்துப் பாருங்கள், "ஆம் ஆண்டுக்கான சந்தா" என்பதற்கு முன்னால் ஆண்டு இருக்க வேண்டிய இடம் வெள்ளையாக இருக்கிறது. மின்னஞ்சல் இல்லாதவர்களுக்கு அதை அச்சடித்து, மடித்து, உறையில் போட்டு, பசை தடவிய கைகள் எத்தனை! ஒருவர் கண்ணிலும் அந்த ஓட்டை படவில்லை. பையன் மட்டும் குற்றவாளியாம்.

சரி, இந்த ரெஜிஸ்டர் குளோபல்ஸ் எப்போது போனது? திடீரென்றா? தேதிகளைப் பாருங்கள். 2002 ஏப்ரலில் வந்த 4.2.0 பதிப்பிலேயே அதை இயல்பாக ஆஃப் செய்துவிட்டார்கள். 2009 ஜூனில் வந்த 5.3ல், இனி இது வேண்டாம், விலக்கப்போகிறோம் என்று முறைப்படி அறிவித்தார்கள். 2012 மார்ச்சில் வந்த 5.4ல் அடியோடு எடுத்துவிட்டார்கள். கிட்டத்தட்ட பத்து வருஷ நோட்டீஸ். நம் ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட 2008லேயே அது ஆறு வருஷம் பழைய பஞ்சாங்கம்.

ஏன் எடுத்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. இணைய முகவரியில் யார் எதைத் தட்டினாலும் அது ஸ்கிரிப்டுக்குள் மாறியாக முளைத்தால் என்ன ஆகும்? பணம் எடுக்கும் சீட்டில் வாடிக்கையாளரே "மேலாளர் அனுமதித்தார்" என்று ஒரு வரி சேர்த்து எழுத, காசாளர் அதை மேலாளர் எழுதியதாகவே நம்பிப் பணம் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதுதான். உள்ளே பிறந்த மாறிக்கும் வெளியிலிருந்து திணித்த மாறிக்கும் வித்தியாசம் தெரியாத ஏற்பாடு அது.

இப்போது உடனடி வைத்தியர்கள் வருவார்கள். எங்கள் கமிட்டியிலும் வந்தார்கள்.

முதலாமவர்: "கெட் பட்டியல்ல இருந்தது மாதிரியே, வர்ற ஆர்க்யுமென்ட் எல்லாத்தையும் மாறியா மாத்தற மூணு வரி கோட் தலைப்பில போட்டுடலாம்." அதாவது மொழி தூக்கி எறிந்த வியாதியை நாமே காசு கொடுத்து வாங்கி வைக்கலாம் என்கிறார். அதற்குக் குறுக்கு வழியாக இருந்த ஒரு செயல்பாடுகூட, வந்ததை எல்லாம் மாறிகளாகக் கொட்டும் வடிவத்தில், 7.2ல் விலக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டு 8.0ல் மூடப்பட்டுவிட்டது.

இரண்டாமவர்: "ஆர்க்வி கிடைக்கறதுக்கு ரெஜிஸ்டர் ஆர்க்சி ஆர்க்வின்னு ஒரு ஸ்விட்ச் இருக்கு சார், எல்லா இடத்திலயும் ஆன் பண்ணிடுங்க." கட்டளை வரியில் ஓடும் சிஎல்ஐக்கு அந்த ஸ்விட்ச் எப்படி இருந்தாலும் ஆன்தான், அது கேட்பதே இல்லை. வலைத்தளப் பக்கத்தில் அதை ஆன் செய்தால், முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் யாரோ தட்டுவது கட்டளை வரி ஆர்க்யுமென்ட்போல உள்ளே போகும். 2024 நவம்பரில் சிம்ஃபொனியிலும், அதே டிசம்பரில் கிராஃப்ட் சிஎம்எஸ்ஸிலும் இந்த ஓட்டை வழியாக வரும் ஆபத்துகள் அறிவிக்கப்பட்டு, அவசரமாகத் திருத்தம் வெளியிட்டார்கள். தெரியாத ஸ்விட்சை ஆன் செய்கிறவர்கள் கவனத்துக்கு.

மூன்றாமவர்தான் எல்லோருக்கும் பிடித்தமானவர். "ஓடறதை ஏன் சார் தொடணும்? பழசிலயே இருந்திருக்கலாமே." பிஎச்பி 5.3க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2014 ஆகஸ்டோடு நின்றுவிட்டது. அந்தக் கோப்பில் இருப்பது என்ன? நம் வீட்டு முகவரி, கைப்பேசி எண், தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் பெயர், வயது. பத்து வருஷமாகப் பூட்டு ரிப்பேர் செய்யாத வீட்டில் இதையெல்லாம் வைத்திருந்தோம். அந்த வீட்டிலிருந்து நம்மை வெளியே கூட்டி வந்தவன் அந்தப் பையன். அவனுக்குக் கொடுத்த மரியாதையைத்தான் மேலே பார்த்தீர்களே.

மொழிக்கும் இதில் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். இல்லாத மாறியைக் கேட்டால் காலியைக் கொடுத்துவிட்டு மேலே ஓடுவது பிஎச்பியின் பிறவிக்குணம். பைத்தானில் வராத ஆர்க்யுமென்டைக் கேட்டால் அங்கேயே பிழை சொல்லி நின்றுவிடும். லினக்ஸ் ஷெல் ஸ்கிரிப்டிலும் வரையறுக்காத மாறி வந்தால் நில் என்று முதலிலேயே சொல்லிவைக்க வழி இருக்கிறது. இருந்தாலும் பிஎச்பி குரல் கொடுக்கத்தான் செய்தது, வாயை அடைத்தது நாம்.

வங்கியில் இதை எப்படிப் பார்ப்போம் தெரியுமா? தேதி போடாத காசோலை வந்தால், இன்றைய தேதியாகத்தான் இருக்கும் என்று நாங்களே நினைத்துக்கொண்டு பணம் கொடுப்பதில்லை. காரணம் எழுதித் திருப்பி அனுப்புவோம். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது. அதன் பழைய ஐஎஃப்எஸ்சி குறியீடுகள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமல் போயின. பழைய குறியீட்டைப் போட்டவர்கள் திட்டினார்கள், வாஸ்தவம். ஆனால் குறியீடு செல்லவில்லை என்றால் பணம் போகாது, அவ்வளவுதான். குறியீடு காலி, அதனால் எல்லாக் கணக்குக்கும் கொஞ்சம் கொஞ்சம் அனுப்புவோம் என்று எந்த வங்கியும் கிளம்பவில்லை. நம் ஸ்கிரிப்ட் செய்தது அதைத்தான்.

கிளைகள் கோர் பேங்கிங்குக்கு மாறிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். பழைய கணினியில் இருந்த மொத்தமும் புதியதில் ஏறிய மொத்தமும் பைசா சுத்தமாக டேலி ஆகும்வரை ஒருவரும் வீட்டுக்குப் போகமாட்டோம். மறுநாள் கவுண்டரைத் திறப்பது அதற்குப் பிறகுதான். அப்கிரேடு என்றால் அதுதான் அப்கிரேடு. எங்கள் அமைப்பில் அந்த டேலியை யார் பார்த்தார்கள்? பையன் சர்வரை மாற்றினான். சரிபார்க்க நாலு பேரைத் தாருங்கள் என்று கேட்டும் இருக்கிறான். "நீயே பாத்துக்கப்பா" என்பதுதான் கிடைத்த பதில்.

உங்கள் அமைப்பிலும் இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்கும். பிஎச்பியோ வேறு எதுவோ. சர்வர் மாறியதும் ஆர்க்யுமென்ட் காணாமல் போனால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். எந்த பிஎச்பி ஓடுகிறது என்று பதிப்பு எண் கேட்டுப் பாருங்கள். கையால் தட்டும்போது ஒன்றும், கிரான் தானாக ஓட்டும்போது வேறொன்றும் ஓடக்கூடும், இரண்டையும் பாருங்கள். எந்த அமைப்புக் கோப்பைப் படிக்கிறது என்று பாருங்கள், கட்டளை வரிக்கும் வலைத்தளத்துக்கும் தனித்தனிக் கோப்பு இருப்பது சகஜம். பிழை அறிவிப்பை முழுசாகத் திறந்துவிடுங்கள். ஆர்க்வியை அச்சிட்டுப் பாருங்கள். அங்கே இருக்கிறது, ஆனால் ஒரு ஃபங்ஷனுக்குள் மட்டும் தெரியவில்லை என்றால், அது குளோபல் என்று அறிவிக்காததுதான் காரணம். சர்வர் பட்டியலிலிருந்து ஆர்க்வியை எடுத்தால் அந்தத் தொல்லையும் இல்லை. கடைசியாக, ஸ்கிரிப்டின் வாசலிலேயே ஒரு காவல் வையுங்கள். ஆர்க்சி 2க்குக் குறைவா, நில். வந்தது நாலு இலக்க ஆண்டு இல்லையா, காரணம் சொல்லிவிட்டு நில்.

எங்கள் ஸ்கிரிப்டில் இதைச் சேர்க்க எட்டு வரி ஆனது. இன்னொரு நிபந்தனையும் வைத்தேன். நிலுவைப் பட்டியல் மொத்த உறுப்பினரில் பாதியைத் தாண்டினால், இரண்டாவது ஆள் பார்த்துச் சரி சொல்லாமல் ஒரு கடிதமும் போகாது. வங்கியில் ஒருவர் பதிவு செய்தால் இன்னொருவர் அனுமதிக்க வேண்டும் என்பது முதல் பாடம். சங்கத்துக்கு மட்டும் அது வேண்டாமா?

கமிட்டிக்கு எழுத்து மூலம் நான் கேட்டிருப்பது மூன்று. ஒன்று, தவறான கடிதம் போன ஒவ்வொரு வீட்டுக்கும் ஸ்கிரிப்ட் போடாமல் கையெழுத்துப் போட்டு மன்னிப்புக் கடிதம். இரண்டு, அந்த அம்மா வீட்டுக்குத் தலைவரும் செயலாளரும் நேரில் போக வேண்டும். மூன்று, அந்தப் பையனைக் கூப்பிட்டு, கூட்டத்தில் சொன்ன வார்த்தைகளைக் கூட்டத்திலேயே திரும்பப் பெற வேண்டும்.

முதல் இரண்டும் 2024 ஆகஸ்டுக்குள் நடந்துவிட்டது. மூன்றாவதற்கு மட்டும் "சின்னப் பையன்தானே சார், பெருசு பண்ணாதீங்க" என்கிறார்கள். சொந்த ஊரைவிட்டு வந்த இடத்தில் ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிக் கொடுக்க இன்னும் எத்தனை பையன்கள் வருவார்கள் என்று நினைக்கிறார்கள்? அடுத்த அப்கிரேடு கட்டாயம் வரும். அன்றைக்குச் சர்வரைத் தொட ஒருத்தனும் முன்வராவிட்டால், அதற்கும் பிஎச்பியைத்தான் திட்டுவார்களோ என்னவோ.

மூன்றாவது கோரிக்கை இன்னும் நிலுவையில் இருக்கிறது. இந்த நிலுவை நிஜம். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டே இருப்பேன்.